விருப்ப வரிசை

திருத்துறைப்பூண்டி, ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
எட்டடிக்கு ஆறடி.
இரண்டு கணினி, ஒரு பிரிண்டர்,
விண்ணப்பம் ஒன்றுக்கு அறுபது ரூபாய்.
மே மாதம் வந்தால்
செருப்புகளைத் தாண்டித்தான் நானே உள்ளே போக வேண்டும்.

நான் படித்தது விலங்கியல். துணைப்பாடம் வேதியியல்.
கரப்பானின் வாயுறுப்புகளைப் பார்க்காமல் வரைவேன்.
இதுவரை யாரும் கேட்கவில்லை.

இன்று நான்காவதாக உட்கார்ந்தவள் இலக்கியா.
தகப்பன் பெயர் ரெங்கையன், ஊர் வேளூர்த்தோப்பு.
சாதிச் சான்று, மாற்றுச் சான்று, மதிப்பெண் பட்டியல்
எல்லாம் பூச்சிமருந்துக் கம்பெனி கொடுத்த பையில்.

முதன்மைப் பாடம் என்ன என்றேன்.
கேட்டது அவளை.
பதில் சொன்னது கூட வந்த சித்தப்பா:
'நர்சிங் போட்டா வெளிநாடு.'
வரிசையில் நின்றவர் குறுக்கே வந்தார்:
'பி.காமும் டேலியும் போடச் சொல்லுங்க.'
வாசலிலிருந்து ஒரு குரல்:
'பி.எட். சேர்ந்தே வருதே, நாலு வருஷத்துல.'
குறுவைக்கு எந்த ரகம் என்று
உரக்கடையில் பேசுவார்களே, அதே பேச்சு.
எத்தனை நாள் பயிர், காற்றுக்குச் சாயுமா,
பக்கத்து வயல்காரன் என்ன போட்டான்.

'மெயின் புவியியல்.
கூட கணினி' என்றாள்.

'ரெண்டுக்கும் என்னம்மா ஒட்டு?'

'போன தையில நம்ம வயல்ல நெல்லே இல்ல சித்தப்பா.
தண்ணி நின்னு, அழுகி, கோரை மண்டிக் கிடந்துச்சு.
மேலேருந்து எடுத்த படத்துல
பச்சையா இருந்துச்சாம்.
பயிர்னு எழுதிட்டாங்க.
இன்சூரன்ஸ் வரல.
கோரையும் பச்சைதானே.'

கோரை தெரிந்தவர்களுக்கு
அந்தப் படத்தைத் திறக்கத் தெரியாது.
திறக்கத் தெரிந்தவன்
கோரையில் கால் வைத்ததே இல்லை.
இப்படியெல்லாம் நான்தான் நினைத்துக்கொண்டேன்.
அவள் நகத்தில் காய்ந்திருந்த போட்டோப் பசையைச்
சுரண்டிக்கொண்டிருந்தாள்.

'வேலை?'
'தெரியல. இருக்கும்னுதான் நெனைக்கிறேன்.
இல்லன்னா புவியியல வீட்ல வெச்சிட்டு
கணினியோட மெட்ராஸ் போயிடுறேன்.'
சித்தப்பா சிரித்தாரா இருமினாரா,
மின்விசிறிச் சத்தத்தில் தெரியவில்லை.

விருப்பம் ஒன்று, திருவாரூர். பஸ்ஸில் போய்வரலாம்.
விருப்பம் இரண்டு, கும்பகோணம். விடுதி.
மூன்றைக் காலியாக விடச் சொன்னாள்.
விடவில்லை, சிவப்பு எழுத்தில் முறைத்தது.
'சரி, தஞ்சாவூர்' என்றாள்,
கடையில் பாக்கிச் சில்லறைக்கு
மிட்டாய் வாங்கிக்கொள்கிற குரலில்.

ஓடிபி ரெங்கையனின் போனுக்குப் போனது.
ரெங்கையன் கொள்முதல் நிலையத்தில்,
கோடை நெல் மூட்டைகளோடு மூன்றாம் நாள்.
அந்த எண்ணுக்குப் பத்து நிமிஷம்தான் உயிர்.
ஐந்தாவது அழைப்பில் எடுத்தார்.
மூட்டை விழும் சத்தம், யாரோ யாரையோ திட்டும் சத்தம்,
நடுவில் அவர்:
'நாலு... ஒம்போது... ரெண்டு...
கடைசி ஒண்ணா ஏழான்னு தெரியலம்மா,
வெயில்ல ஒண்ணும் தெரிய மாட்டேங்குது.'

ஏழு போட்டேன்.
தவறு என்றது.
நிமிஷம் எட்டு.
ஒன்று போட்டேன்.

திரையில் ஒரு குறி வந்தது.
பச்சையாக.
மூன்று பேரும் அதை நம்பினோம்.

அறுபது ரூபாயை எண்ணி வைத்துவிட்டு
அச்சுத்தாளை மடிக்காமல் பையில் நிற்க வைத்தாள்.
சித்தப்பா செருப்பைத் தேட
ஒரு கால்தான் கிடைத்தது.

அடுத்து உட்கார்ந்த பையன்
போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
'அந்தப் பொண்ணு போட்டதையே போடுங்கண்ணே.'
'என்ன போட்டுச்சுன்னு தெரியுமா?'
'ஏதோ ரெண்டு.'

பட்டியலை மறுபடி
மேலேயிருந்து உருட்டினேன்.